பாட்டின் கீழே யாருடைய பெயர்?

நியூயார்க் நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் சிவில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது, பட்டம் பெறக் கலைப் பிரிவிலிருந்து ஒரு பாடமாவது படித்திருக்க வேண்டும் என்ற விதிக்காக, ஹிப்ஹாப்பின் வரலாறும் பண்பாடும் என்ற பாடத்தில் சேர்ந்தேன். உயர்ந்த நோக்கம் எதுவும் இல்லை. செவ்வாய், வியாழக்கிழமைகளில் எனக்கு ஓய்வாக இருந்த பிற்பகல் இரண்டு மணிக்கு வேறு பாடம் எதுவும் நடக்கவில்லை, அவ்வளவுதான். விருதுநகரிலிருந்து தொலைபேசியில் பேசிய அம்மா, "கட்டடம் கட்டப் போறவளுக்குப் பாட்டு எதுக்குடி? அதையும் டாலர் கொடுத்துப் படிக்கணுமா?" என்று கேட்டார். நான் தங்கியிருந்தது நியூ ஜெர்சியில் அண்ணன் வீட்டில். பரீட்சையில் ஆடிக் காட்டச் சொல்வார்களா என்று அண்ணி ஒரு வாரம் கேலி செய்தார். ஹாவர்ட் பல்கலைக்கழகம் 1991லேயே இதை வகுப்பில் கற்பித்தது என்பதும், கார்னெல் பல்கலைக்கழகம் 2007 முதல் இதற்கென்றே ஓர் ஆவணத் தொகுப்பை வைத்திருக்கிறது என்பதும், ராப் பாடகர் கென்ட்ரிக் லாமாருக்கு 2018இல் புலிட்சர் பரிசு கிடைத்தது என்பதும் அப்போது எனக்குத் தெரிந்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

முதல் நாள் வகுப்பில் பாட்டு எதுவும் ஒலிக்கவில்லை. நியூயார்க் நகரின் ஒரு பகுதியான பிராங்க்ஸில் பிறந்து வளர்ந்த எங்கள் பேராசிரியர், கையால் எழுதப்பட்ட ஒரு சிறிய அழைப்பு அட்டையின் படத்தைத் திரையில் காட்டினார். 1973 ஆகஸ்ட் 11, இரவு 9 மணி முதல் விடிகாலை 4 மணி வரை, 1520 செட்ஜ்விக் அவென்யூ, குடியிருப்பின் பொழுதுபோக்கு அறை; பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட். இந்தப் பார்ட்டியை நடத்தியவர் யார் என்று கேட்டார். கூல் ஹெர்க் என்று பாதி வகுப்பு ஒரே குரலில் சொன்னது. ஹெர்க் அன்றிரவு இசைத்தட்டுகளை ஓட்டியவர், நடத்தியவர் அல்லர் என்றார் பேராசிரியர். ஹெர்க்கின் தங்கை சிண்டி கேம்பல், பள்ளி திறக்கும்போது புதுத் துணி வாங்க விரும்பினார். அக்கம்பக்கத்தார் எல்லாரும் ஃபோர்டாம் சாலையில் வாங்கும் அதே துணியாக இல்லாமல், மன்ஹாட்டனின் டெலான்சி தெருவுக்குப் போய் வாங்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதற்குப் பணம் திரட்டவே அறையை வாடகைக்கு எடுத்து, அட்டை எழுதி, நுழைவுக் கட்டணம் வைத்து, அண்ணனை இசைக்கு அமர்த்தினார். ஒலிபெருக்கி அப்பாவுடையது. மைக்கைப் பிடித்து நண்பர்களின் பெயர்களைக் கூவி உற்சாகப்படுத்தியவர் கோக் லா ராக். ஹிப்ஹாப் பிறந்த நாள் என்று இன்று உலகம் கொண்டாடும் அந்த இரவின் அமைப்பாளர், சட்டை வாங்க ஆசைப்பட்ட ஒரு பள்ளி மாணவி.

சுவையான செய்தி என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். அது ஒரு படிப்பு முறை என்பது, முதல் கட்டுரையில் சறுக்கி விழுந்த பிறகுதான் புரிந்தது. அந்தச் சறுக்கலைச் சொல்வதற்கு முன், கையால் கற்றதைச் சொல்லிவிடுகிறேன்.

ஃபங்க் என்ற கறுப்பின நடன இசையின் ஒரு பாட்டில் குரலும் மற்றக் கருவிகளும் ஒதுங்கிக்கொள்ள, டிரம்ஸ் மட்டும் சில நொடிகள் தனித்து ஒலிக்கும் இடத்துக்கு பிரேக் என்று பெயர். ஆட வருபவர்கள் அந்தச் சில நொடிகளுக்காகவே காத்திருக்கிறார்கள் என்பதைக் கவனித்த ஹெர்க், ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு டர்ன்டேபிள்களில் (தட்டைச் சுழற்றும் கருவிகளில்) வைத்து, ஒன்றில் பிரேக் முடியும்போது மற்றொன்றில் அதே பிரேக்கைத் தொடங்கி, சில நொடிகளைப் பல நிமிடங்களாக நீட்டினார். அந்த இடைவெளியில் ஆடியவர்கள்தான் பி-பாய்களும் பி-கேர்ள்களும். அவர்களுடைய ஆட்டம் 2024இல் பாரிஸ் ஒலிம்பிக் வரை போயிற்று. ஹெர்க் ஊசியைக் கண் மதிப்பில் வைத்தார். பார்படாஸில் பிறந்து பிராங்க்ஸில் வளர்ந்து, தொழிற்கல்விப் பள்ளியில் மின்னணுவியல் படித்த கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷுக்கு அந்தக் கண் மதிப்பு போதவில்லை. அவர் தட்டின் மேல் கிரேயானால் கோடு போட்டு, பிரேக் தொடங்கிய இடத்துக்குத் திரும்பத் தட்டை எத்தனை சுற்று பின்னால் சுழற்ற வேண்டும் என்று எண்ணினார்.

பொறியியல் மாணவிக்கு இந்த இடத்தில் கை துறுதுறுத்தது. நிமிடத்துக்கு முப்பத்து மூன்றேகால் சுற்றுக்குச் சற்று மேலாகச் சுழலும் தட்டு, ஒரு சுற்றுக்கு 1.8 நொடி எடுக்கும். நிமிடத்துக்கு 100 துடிப்பு வேகத்தில், நான்கு பார் (பார் ஒன்றுக்கு நான்கு துடிப்பு) நீளமுள்ள பிரேக் 9.6 நொடி ஓடும். ஆகவே ஐந்து முழுச் சுற்றும், ஆறாவதில் மூன்றில் ஒரு பங்கும் பின்னால் போனால் தொடக்கம் கிடைத்துவிடும். கணக்கு இரண்டு நிமிடத்தில் முடிந்தது. இசைக்கூடத்துப் பழைய டர்ன்டேபிளில் அதைக் கையால் செய்து பழக மூன்று வாரம் ஆயிற்று. அப்போதும் மூன்று முறைக்கு ஒரு முறை துடிப்பு தவறியது. என் வயதைவிடக் குறைந்த வயதில், மின்சாரம் நிலையாக வராத ஒரு பூங்காவில் இதைச் செய்தவர்களைத் தானாக வந்த திறமைக்காரர்கள் என்று அதன் பிறகு நான் எழுதவில்லை. அவர்கள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு பழகியவர்கள்.

இனி அந்தக் கட்டுரை. 1982இல் வெளிவந்த 'தி மெசேஜ்' பாட்டைப் பற்றி எழுதச் சொன்னார்கள். கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் தம் பகுதியின் வறுமையைத் தாமே எழுதிப் பாடினார் என்று நான் முதல் வரியிலேயே எழுதினேன். இசைத்தட்டின் அட்டையில் அவர் பெயர்தானே பெரிதாக இருக்கிறது! தாள் திரும்பி வந்தபோது, ஓரத்தில் "அவரா? தட்டின் நடுவில் ஒட்டியிருக்கும் தாளைப் படித்தீர்களா?" என்று மட்டும் எழுதியிருந்தது. படித்தேன். ஆசிரியர்கள் என்று அச்சிட்டிருந்த பெயர்களில் ஃபிளாஷ் இல்லை. பாட்டின் பெரும்பகுதியை எழுதியவர், பாட்டை வெளியிட்ட ஷுகர் ஹில் இசைத்தட்டு நிறுவனத்தின் இசைக்கலைஞரும் டியூக் பூட்டி என்று அறியப்பட்டவருமான எட் ஃபிளெட்சர். கடைசிச் சரணம் ஃபிளாஷின் குழுவைச் சேர்ந்த மெல்லி மெல்லுடையது. அதுவும் 1979இல் அவர்கள் குழு பதிவுசெய்த 'சூப்பர் ராப்பின்' என்ற பாட்டில் ஏற்கெனவே வந்தது. ஃபிளாஷின் குழுவினர் தொடக்கத்தில் இந்தப் பாட்டையே விரும்பவில்லை, பார்ட்டிக்கு வருபவர் சோகம் கேட்க வருவதில்லை என்பதால். ராப் இசையின் மனசாட்சி என்று நான் ஒரு பக்கம் முழுக்கப் புகழ்ந்திருந்தவருடைய குரல்கூட அந்தப் பாட்டின் சரணங்களில் இல்லை.

அன்று தொடங்கிய பழக்கம் இன்றும் இருக்கிறது. எதைக் கேட்டாலும் முதலில் பெயர்ப் பட்டியலைப் படிக்கிறேன். குறிப்பேட்டில் ஒரு பக்கத்தை மூன்றாகப் பிரித்து, அட்டையில் பெரிதாக இருக்கும் பெயர், பொடி எழுத்தில் இருக்கும் பெயர், எங்குமே இல்லாத பெயர் என்று எழுதிக்கொள்கிறேன். மூன்றாவது பத்தியை நிரப்புவதுதான் கடினம், அதற்குத்தான் நூலகம் போக வேண்டியிருக்கும். ஒன்று சொல்கிறேன். 1979இல் 'ராப்பர்ஸ் டிலைட்' நாடெங்கும் ஓடியது. பிராங்க்ஸின் தெருவில் இருந்த கலையைத் தட்டில் ஏற்றி உலகுக்கு விற்கலாம் என்று சில்வியா ராபின்சன் என்ற பெண் தயாரிப்பாளர் காட்டிய பாட்டு அது. அதன் அடியில் ஓடும் இசை ஷீக் குழுவின் 'குட் டைம்ஸ்'. அதை ஆக்கிய நைல் ராஜர்ஸும் பெர்னார்ட் எட்வர்ட்ஸும் எதிர்ப்புத் தெரிவித்ததால் அவர்களுக்கு ஆசிரியர் பெயர் கிடைத்தது. ஆனால் பாடிய மூவரில் ஒருவரான பிக் பேங்க் ஹேங்க், பிராங்க்ஸின் கிராண்ட்மாஸ்டர் கேஸ் எழுதிய வரிகளை அப்படியே எடுத்துக்கொண்டார். கேஸ் தம் புனைபெயரான கேசனோவாவை எழுத்து எழுத்தாகச் சொல்லும் இடத்தைக்கூட மாற்றவில்லை. எழுதியவருடைய பெயர் பாட்டுக்குள்ளேயே இருக்கிறது, பாட்டின் கீழே இல்லை. ஹேங்க் அப்போது வேலை பார்த்த பீட்சா கடை, அண்ணன் வீட்டிலிருந்து சிறிது தூரத்தில் உள்ள இங்கிள்வுட்டில் இருந்தது. அண்ணியிடம் இதைச் சொன்ன நாள் முதல் கேலி நின்றது.

இந்தப் பட்டியலில் என்னை அதிகம் உறுத்திய பெயர் கிரெகரி கோல்மன். வின்ஸ்டன்ஸ் என்ற குழு 1969இல் வெளியிட்ட 'ஆமென், பிரதர்' என்ற பாட்டில் அவர் டிரம்ஸ் வாசித்தார். நடுவில் ஏறத்தாழ ஆறேழு நொடி தனியாக வாசித்தார். பிற்காலத்தில் அந்த ஆறேழு நொடியை வெட்டி எடுத்து ஒட்டிய பாட்டுகள் ஆயிரக்கணக்கில் வந்தன. கோல்மனுக்கு அதில் ஒரு காசும் வரவில்லை. 2006இல் வீடற்றவராக இறந்தார். குழுத் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்கு 2015இல் ரசிகர்கள் திரட்டிக் கொடுத்த தொகை சுமார் 24,000 பவுண்டு. மறுபக்கம், 1991இல் ராப் பாடகர் பிஸ் மார்க்கி அனுமதியின்றி ஒரு பாட்டின் பகுதியை எடுத்ததற்காக நடந்த வழக்கில், நீதிபதி விவிலியத்தின் "திருடாதே" என்ற கட்டளையோடு தீர்ப்பைத் தொடங்கினார். அதன் பிறகு ஒவ்வொரு துணுக்குக்கும் அனுமதியும் கட்டணமும் தேவைப்பட்டதால், எண்பதுகளின் இறுதியில் பப்ளிக் எனிமி போன்ற ராப் குழுவினர் பல பாட்டுகளின் துண்டுகளை அடுக்கி இழைத்த ஒலியை மீண்டும் உருவாக்குவது பணக்காரருக்கே முடிகிற காரியம் ஆயிற்று. எடுத்தாள்வது கலையா, திருட்டா என்ற கேள்விக்கு எங்கள் வகுப்பு இரண்டு வாரம் சண்டை போட்டும் ஒரு முடிவுக்கு வரவில்லை. கோல்மன் கதையையும் 1991 தீர்ப்பையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் நியாயமாகத் தெரியும். அதனால் நான் தீர்ப்பு எழுதுவதை விட்டுவிட்டு, என் மேற்கோள் பழக்கத்தைத் திருத்திக்கொண்டேன். அடிக்குறிப்பு என்பது மதிப்பெண் குறையாமலிருக்கச் செய்யும் சடங்கு என்று அதுவரை நினைத்திருந்தேன். கோல்மனுக்குப் பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

எனக்கும் இதில் ஒரு பழைய கணக்கு உண்டு. மலேசியாவின் யோகி பியும் நட்சத்ரா குழுவும் 2006இல் வெளியிட்ட 'வல்லவன்' தொகுப்பில் வந்த 'மடை திறந்து' பாட்டைப் பள்ளிப் பேருந்தில் கேட்டு வளர்ந்தவள் நான். அது 1980இல் வந்த 'நிழல்கள்' படத்துக்கு இளையராஜா அமைத்த மெட்டு என்பதை, ஒரு நாள் வீட்டில் முணுமுணுத்தபோது அம்மாதான் சொன்னார். அதுவரை யாருடையது என்று எனக்குக் கேட்கத் தோன்றவே இல்லை.

ஆனால் இந்தப் பாடம் என்னைப் புரட்டிப் போட்டது இசையில் அல்ல, என் சொந்தத் துறையில். அதே பருவத்தில் நான் நெடுஞ்சாலைப் பொறியியலும் படித்தேன். அந்த வகுப்பில், பிராங்க்ஸைக் குறுக்காகக் கடக்கும் கிராஸ் பிராங்க்ஸ் எக்ஸ்பிரஸ்வே என்ற நெடுஞ்சாலை ஒரு சாதனையாக வந்தது: பாறை முகடுகளைக் குடைந்து, கழிவுநீர்க் குழாய்களையும் மின்கம்பிகளையும் அறுக்காமல், கிராண்ட் கான்கோர்ஸ் சாலையையும் அதன் கீழ் ஓடும் சுரங்க ரயிலையும் தாங்கிப் பிடித்துக்கொண்டே அவற்றின் அடியில் வழி வெட்டிய கதை. 1948இல் தொடங்கிய வேலை அது. செவ்வாய்க்கிழமை காலை அந்தக் குறுக்குவெட்டு வரைபடத்தை வியந்து நகலெடுத்தேன். பிற்பகல் இரண்டு மணிக்கு, ஹிப்ஹாப் வகுப்பில், அதே சாலையின் வேறு வரைபடம் திரையில் இருந்தது. அந்தச் சாலையைப் போட்ட அதிகாரி ராபர்ட் மோசஸின் வாழ்க்கையை எழுதி ராபர்ட் கேரோ 1974இல் வெளியிட்ட நூலிலிருந்து பேராசிரியர் ஒரு பகுதியைப் படித்தார்: ஈஸ்ட் ட்ரெமான்ட் என்ற பகுதியில் ஒரே ஒரு மைல் நீளத்துக்காக 1,530 குடும்பங்கள் வீடிழந்தன. 1952 டிசம்பரில் அவர்களுக்குத் தொண்ணூறு நாள் அவகாசம் தரும் கடிதம் வந்தது. பாதையைச் சற்றுத் தள்ளிப் போட்டால் மிகச் சில கட்டடங்களே இடிபடும் என்று குடியிருப்போர் காட்டிய மாற்று வழி ஏற்கப்படவில்லை. காலையில் நான் நகலெடுத்த வரைபடத்தில் மண்ணின் அடுக்குகள் எல்லாம் குறிக்கப்பட்டிருந்தன. மேலே இருந்த வீடுகள் ஒரு கோடாகக்கூட இல்லை.

இதை எழுதும்போது, சாலை வந்தது, ஊர் அழிந்தது, ராப் பிறந்தது என்று மூன்று வாக்கியத்தில் முடிக்க ஆசை வரும். எனக்கும் வந்தது. துன்பம் கலையைப் பெற்றெடுத்தது என்று யார் எழுதினாலும் பத்து மதிப்பெண் போகும் என்று பேராசிரியர் முன்கூட்டியே அறிவித்திருந்தார். ஊர் அழிந்ததற்குச் சாலை மட்டும் காரணம் அல்ல. வங்கிகள் கறுப்பின மக்களும் புவெர்ட்டோ ரிகோ மக்களும் வாழ்ந்த பகுதிகளுக்குக் கடன் மறுத்தன. 1968 முதல் குடியேற்றம் தொடங்கிய கோ-ஆப் சிட்டி என்ற மாபெரும் குடியிருப்பின் 15,372 வீடுகள் வசதி கொஞ்சம் இருந்தவர்களை இழுத்துக்கொண்டன. ஆளில்லாத கட்டடத்தைவிட எரிந்த கட்டடத்தின் காப்பீட்டுப் பணம் பெரிது என்று கண்ட சில உரிமையாளர்கள் தீ வைக்க ஆளனுப்பினார்கள். இவற்றோடு இன்னொன்றும் சேர்ந்தது, அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. 1970களின் தொடக்கத்தில், நிதி நெருக்கடியில் இருந்த நகர நிர்வாகம், எந்தத் தீயணைப்பு நிலையங்களை மூடலாம் என்று நியூயார்க் நகர ராண்ட் என்ற ஆய்வு நிறுவனத்தின் கணித மாதிரிகளைக் கேட்டது. அந்த மாதிரிகள் முக்கியமாக அளந்தது, வண்டி தீ விபத்து நடந்த இடத்தைச் சேர எடுக்கும் நேரத்தை. நிலையங்கள் நெருக்கமாக இருந்த தெற்கு பிராங்க்ஸில் அந்த நேரம் குறைவு. ஆகவே அங்கே சிலவற்றை மூடினாலும் பாதகமில்லை என்று விடை வந்தது. எத்தனை தீ ஒரே இரவில் எரிகிறது, எரியும் கட்டடம் எத்தனை பழையது என்பவை அந்த விடையில் போதிய இடம் பெறவில்லை. 1970க்கும் 1980க்கும் இடையில் பிராங்க்ஸின் ஏழு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வட்டாரங்கள் தம் கட்டடங்களில் 97 விழுக்காட்டுக்கு மேல் இழந்தன.

அந்த வகை மாதிரிகளை நானும் அதே பருவத்தில் வீட்டுப் பாடமாகப் போட்டுக்கொண்டிருந்தேன். வரிசைக் கோட்பாடு, சேவை நேரம், காத்திருப்பு நேரம். முழு மதிப்பெண்ணும் வாங்கினேன். அளக்க எளிதானதை அளந்துவிட்டு அதையே முழு உண்மையாக எடுத்துக்கொள்ளும் தவறு, கெட்டவர்கள் செய்வது என்று நினைத்திருந்தேன். நன்றாகப் படித்தவர்கள் நல்ல எண்ணத்தோடு செய்யக்கூடியது என்பது அப்போதுதான் தெரிந்தது. கணக்கு முடிந்ததும் இதில் சேராதது எது என்று தாளின் கீழே ஒரு வரி எழுதும் வழக்கத்தை அன்று தொடங்கினேன். எந்தப் பொறியியல் பாடமும் இதை எனக்குச் சொல்லித் தரவில்லை.

அந்த எரிந்த தெருக்களில் வாழ்ந்தவர்கள் எரிவதற்காகக் காத்திருந்தவர்கள் அல்லர் என்பதும் பாடத்தின் ஒரு பகுதி. 1971 டிசம்பரில் கெட்டோ பிரதர்ஸ் என்ற தெருக்கும்பலின் சார்பில் சமாதானம் பேசப் போன பிளாக் பென்ஜி என்ற இளைஞர் கொல்லப்பட்டார். பழிவாங்கல் தொடங்கும் என்று எல்லாரும் எதிர்பார்த்தபோது, அவருடைய குழுவே முன்னின்று பிற குழுக்களை ஹோ அவென்யூவில் கூட்டி உடன்பாடு செய்தது. முழு அமைதி வந்துவிடவில்லை. ஆனால் ஒரு தெருப் பையன் இன்னொரு தெருப் பார்ட்டிக்குப் போய் உயிரோடு திரும்பலாம் என்ற நிலை மெல்ல வந்தது. அது வராமல் சிண்டியின் அட்டைக்கு அவ்வளவு பேர் வந்திருப்பார்களா என்று நான் இன்றும் யோசிப்பதுண்டு.

ஆதாரம் பார்ப்பது பற்றிச் சுருக்கமாக ஒன்று. 1977 பேஸ்பால் இறுதிப் போட்டியின் நேரலையில், வர்ணனையாளர் ஹவர்ட் கோசெல் "பிராங்க்ஸ் எரிகிறது" என்று முழங்கினார் என்று நூறு இடங்களில் படித்தேன், என் கட்டுரையிலும் சேர்த்தேன். ஒலிபரப்பின் பதிவைக் கேட்டவர்கள், அவர் தீயைப் பற்றிப் பேசியது உண்மை, அந்தப் புகழ்பெற்ற வாக்கியத்தை அப்படிச் சொல்லவில்லை என்று காட்டியிருக்கிறார்கள். முன்னோடிகளின் நேர்காணல்களிலும் இதே சிக்கல் வரும்: முப்பது ஆண்டு கழித்து நினைவிலிருந்து சொல்லும்போது, ஒரே இரவை இருவர் இரு விதமாகச் சொல்வார்கள். அவர்களைப் பொய்யர் என்று தள்ளவும் கூடாது, ஒருவர் சொன்னதை மட்டும் நம்பி எழுதவும் கூடாது. அழைப்பு அட்டை, தட்டின் நடுத்தாள், அன்றைய நாளிதழ் என்று காகிதம் எதையாவது பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் நேர்காணலைப் படிக்க வேண்டும். 1973 ஆகஸ்ட் 11 என்ன கிழமை என்று நாட்காட்டியில் பார்த்தேன், சனிக்கிழமை. பார்ட்டி வைக்கப் பொருத்தமான நாள்தான் என்று ஒரு சின்ன நிம்மதி.

பருவத்தின் நடுவில் ஒவ்வொருவரும் பதினாறு பார் எழுதி, வகுப்பில் வட்டமாக நின்று சொல்ல வேண்டும் என்றார்கள். நிமிடத்துக்கு 90 துடிப்பு வேகத்தில் பதினாறு பார் நாற்பத்து மூன்று நொடிதான். அந்த நாற்பத்து மூன்று நொடியைப் போல நீண்ட நேரத்தை நான் கண்டதில்லை. பள்ளியில் யாப்பு படித்த காது எனக்குத் துணை வரும் என்று நம்பினேன். ஓரளவு வந்தது. 1987இல் வெளிவந்த எரிக் பி, ராகிம் என்ற ராப் இணையின் முதல் தொகுப்பைக் கேட்டபோது, வரி முடிவில் மட்டுமன்றி வரிக்கு நடுவிலும் ஒலிகள் ஒன்றையொன்று தேடிப் பிடிப்பதைக் கேட்டு, இது நம் எதுகையும் இயைபும் அல்லவா என்று துள்ளினேன். ஆனால் எழுதியதைச் சொல்லத் தொடங்கியதும், என் வரிகள் துடிப்பின் மேல் ஏறாமல் தாளில் இருப்பதுபோலவே ஓடின. பக்கத்தில் நின்ற, பிராங்க்ஸில் வளர்ந்த வகுப்புத் தோழர், "நீ கண்ணுக்கு எழுதுகிறாய், முதலில் காலால் எண்ணு, இரண்டாவது, நான்காவது துடிப்பில் தட்டு, பிறகு சொல்லை வை" என்றார். அதன்படி பாதி வார்த்தைகளை வெட்டினேன். வெட்டியவற்றில் பெரும்பாலானவை நான் பெருமைப்பட்ட வார்த்தைகள். இப்போது எந்த ஆய்வறிக்கை எழுதினாலும் ஒரு முறை வாய்விட்டுப் படிக்கிறேன்; மூச்சு வாங்கும் இடத்தில் வாக்கியம் பிழையாக இருக்கிறது. கேட்பதற்கும் ஒரு பயிற்சி உண்டு: ஒரே பாட்டை மூன்று முறை, ஒரு முறை டிரம்ஸை மட்டும், ஒரு முறை குரலின் ஏற்றத்தாழ்வை மட்டும், கடைசியாகச் சொற்களை. சொற்களில் தொடங்கினால் மற்ற இரண்டும் காதில் விழுவதில்லை.

விருந்தாளியாக நடந்துகொள்வதும் கற்க வேண்டியதாக இருந்தது. கறுப்பின மக்களை இழிவுபடுத்தப் பயன்பட்ட அந்தச் சொல், பல பாட்டுகளில் வருகிறது. அதை யாரும் வாய்விட்டுப் படிக்கக் கூடாது என்பது வகுப்பின் விதி. பாட்டில்தானே இருக்கிறது என்று கேட்ட ஒரு மாணவருக்கு, ஒரு வீட்டார் தமக்குள் கூப்பிட்டுக்கொள்ளும் பெயரால் வாசலில் நிற்பவர் கூப்பிட முடியாது என்று பேராசிரியர் பதில் சொன்னார். சாதிப் பெயரை வசையாகக் கேட்டு வளர்ந்த ஊரிலிருந்து வந்த எனக்கு மேலும் விளக்கம் தேவைப்படவில்லை.

பெண்களைப் பற்றிய பாட்டுகளில் இவ்வளவு எளிதாக இருக்கவில்லை. எனக்குப் பிடித்த துடிப்பின் மேல் என்னைப் போன்றவர்களை ஏசும் வரிகள் ஓடின. பிடித்திருப்பதை மறைக்கவும் வேண்டாம், வரியை மன்னிக்கவும் வேண்டாம், இரண்டையும் ஒரே பத்தியில் எழுதுங்கள் என்பதே எங்களுக்குக் கிடைத்த அறிவுரை. எழுதிப் பார்த்தால் அது எவ்வளவு சிரமம் என்று தெரியும். என் குறிப்பேட்டின் மூன்றாவது பத்தி, எங்குமே இல்லாத பெயர்களுக்கானது, இங்கேதான் வேகமாக நிரம்பியது. ஃபங்கி ஃபோர் பிளஸ் ஒன் குழுவின் ஷா-ராக், 1981லேயே தேசியத் தொலைக்காட்சியில் ராப் சொன்ன பெண். குவீன்ஸ்பிரிட்ஜின் ராக்ஸேன் ஷான்டே, 1984இல் பதினான்கு வயதில் பாட்டுக்குப் பதில் பாட்டாக ஒரு நீண்ட போரையே தொடங்கி வைத்தவர். தொலைக்காட்சி நிகழ்ச்சி நடத்திய டீ பார்ன்ஸை 1991இல் ராப் கலைஞர் டாக்டர் டிரே தாக்கினார். நீதிமன்றத்தில் அவர் குற்றச்சாட்டை எதிர்த்து வாதாடவில்லை. அவருடைய குழுவைப் பற்றி 2015இல் வந்த திரைப்படத்தில் அந்த நிகழ்ச்சி இடம்பெறவில்லை.

பருவம் முடியும் தறுவாயில் 1520 செட்ஜ்விக் அவென்யூவைப் பார்க்கப் போனேன். மேஜர் டீகன் எக்ஸ்பிரஸ்வேயின் ஓரத்தில், கிராஸ் பிராங்க்ஸின் இரைச்சல் கேட்கும் தூரத்தில், செங்கல் நிறத்தில் ஓர் உயரமான குடியிருப்பு. 2007இல் அதன் உரிமையாளர் குறைந்த வாடகைத் திட்டத்திலிருந்து விலகப் போவதாகச் சொன்னபோது, குடியிருப்போர் அந்த வரலாற்றையே கையிலெடுத்துப் போராடினார்கள். ஹெர்க்கும் அவர்களோடு நின்றார். நான் படம் எடுக்கக் கைபேசியைத் தூக்கியபோது, இரண்டு கையிலும் பைகளோடு ஓர் அம்மையார் வாசலுக்கு வந்தார். "பார்ட்டிக்கு வந்தாயா? கொஞ்சம் தாமதம்" என்றார். கதவைப் பிடித்துக்கொண்டேன். படம் எடுக்கவில்லை, அது அவர்களுடைய வீட்டு வாசல்.

அதே மாதத்தில்தான் எங்கள் நால்வர் குழு போக்குவரத்துக் கணக்கெடுப்பு அறிக்கையை முடித்துக்கொண்டிருந்தது. கிராஸ் பிராங்க்ஸுக்கு மேலே உள்ள ஒரு பாலத்தை ஒட்டிய சந்திப்பில், பாதசாரிகள் எங்கே சாலையைக் கடக்கிறார்கள் என்று எண்ணும் வேலை. முதல் இரண்டு நாள் எங்கள் எண்ணிக்கை மிகக் குறைவாக வந்தது. பேருந்து நிறுத்தத்தில் நின்ற ஒரு பாட்டி எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பள்ளி விடும் நேரத்தில் லாரிகள் திரும்புவதால் இங்கே யாரும் கடக்க மாட்டார்கள், எல்லாரும் அந்த மருந்துக் கடைக்கு எதிரே கடப்பார்கள் என்று கை காட்டினார். நிற்கும் இடத்தை மாற்றினோம், எண்ணிக்கை சரியாயிற்று. அறிக்கையில் அதை எங்கள் "களக் கூர்நோக்கில் தெரியவந்தது" என்று எழுதியிருந்தோம். அந்த வாக்கியத்தை எழுதியவள் நான்தான்.

சமர்ப்பிக்க நான்கு நாள் இருந்தபோது அதை மறுபடி படித்தேன். படித்ததும், வரிகளை எழுதியும் பெயர் கிடைக்காத கிராண்ட்மாஸ்டர் கேஸின் நினைவு வந்தது. மறுநாள் மாலை அதே நிறுத்தத்துக்குப் போய்க் காத்திருந்து, மூன்றாவது பேருந்து போன பிறகு பாட்டியைக் கண்டு, உங்கள் பெயரைப் போடலாமா என்று கேட்டேன். பெயர் வேண்டாம், மாநகராட்சிக்காரர்கள் யாராவது வந்து தொந்தரவு செய்வார்கள் என்றார். சற்று யோசித்து, முப்பது வருஷமாக இங்கே பஸ்ஸுக்கு நிற்கிறவள் என்று வேண்டுமானால் போட்டுக்கொள் என்றார். அறிக்கையின் வடிவத்தில் அப்படி ஒரு தகவலுக்கு இடம் இல்லை என்று குழுவில் ஒருவர் சொன்னார், அதுவும் உண்மைதான். நீண்ட வாக்குவாதத்துக்குப் பிறகு, மூன்றாவது அட்டவணையின் அடிக்குறிப்பில், கணக்கெடுக்கும் இடம் மாற்றப்பட்டதற்கான காரணம் என்ற தலைப்பின் கீழ், அவர் சொன்னபடியே ஒரு வரி சேர்த்தோம்.